இரும்படுப்பின் மேல் வைத்த பால்

காலையில் அவசரத்தில் தொட்டிக்குள் போட்டுவிட்டுப் போன தேநீர்க் கோப்பை, வேலை முடிந்து வந்து பார்த்தபோது கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது.

பிரபாலினி குளிர் அங்கியைக்கூடக் கழற்றாமல் குசினி வாசலில் நின்று அதையே பார்த்தாள். நவம்பர் மாதத்துக் காலை ஒன்பது மணி வெளிச்சம், விடியலா அந்தியா என்று தெரியாத ஒரு சாம்பல் நிறத்தில் ஜன்னலுக்கு வெளியே நின்றது. கோப்பையைச் சுற்றி மேசையில் ஈரம். அதன் விளிம்பிலிருந்து ஒரு சொட்டு அப்போதுதான் இறங்கியது. வீட்டில் அவளைத் தவிர இருக்கும் ஒரே ஆள் அவள் கணவர் லவன். லவனால் கட்டிலில் தானாகத் திரும்பிப் படுக்கவே முடியாது.

நான்தான் கழுவியிருப்பேன், மறந்துவிட்டேன் என்று முடிவு செய்தாள். அப்படி முடிவு செய்வது அவளுக்குச் சுலபம். நாலரைக்கு வீட்டை விட்டு இறங்கி, ஐந்து மணியிலிருந்து எட்டரை வரை ஒரு காப்புறுதி அலுவலகத்தின் நாலு மாடிகளையும் துடைத்து, தொங்கு ரயிலில் நின்றபடியே தூங்கி வீடு வந்தால், லவனைத் துடைத்து, உடை மாற்றி, கஞ்சி பருக்கி, புரட்டிப் படுக்க வைத்து, உடுப்புத் தோய்த்து, சமைத்து, பிறகு மாலை ஐந்து மணிக்கு இன்னொரு அலுவலகம். நித்திரை என்பது இரண்டு மணி நேரமாகவும் ஒன்றரை மணி நேரமாகவும் துண்டு துண்டாகத்தான் கிடைத்தது. கழுவிய கோப்பையைக் கழுவவில்லை என்று நினைப்பதும், கழுவாததைக் கழுவியதாய் நினைப்பதும் அந்த வாழ்க்கையில் பெரிய காரியமில்லை.

லவனுக்குப் பக்கவாதம் வந்து ஒன்றரை வருடம். நாற்பத்தேழு வயது. உணவகமொன்றில் சமையல்காரராக இருந்தவர், ஒரு சனிக்கிழமை மதியம் கரண்டியோடு சரிந்தார். வலது பக்கம் முழுதும் போயிற்று. பேச்சும் போயிற்று. 'ஓம்' என்ற ஒரே சொல் மட்டும் எப்படியோ மிஞ்சியிருந்தது. பசிக்கிறதா என்றாலும் ஓம், வலிக்கிறதா என்றாலும் ஓம், வேண்டாமா என்றாலும் ஓம். மருத்துவமனையில் வைத்தே, பராமரிப்பு இல்லத்தில் சேர்த்துவிடுங்கள் என்றார்கள். பிரபாலினி நாலு வருடம் அப்படியொரு இல்லத்தின் தரை துடைத்தவள். அந்த நீண்ட நடைபாதையின் மணம் அவளுக்குத் தெரியும். கூப்பிடும் மணியை அடித்து அடித்துக் களைத்துப்போன கைகளையும் தெரியும். லவன் இடது கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு குழந்தைபோல் அழுதார்.

"உங்களை நான் ஒரு இடமும் அனுப்ப மாட்டன்," என்று அன்றைக்குச் சொன்னாள். அதற்குப் பிறகு அவளுடைய வாழ்க்கையில் மிச்சமிருந்தது அந்த ஒரு வாக்கு மட்டும்தான்.

மூன்றாம் மாடியிலிருந்த பழைய வீட்டுக்குச் சக்கர நாற்காலியை ஏற்ற முடியவில்லை. அதனால்தான் அக்டோபரில் இந்த வீட்டுக்கு வந்தார்கள். ஜெர்மனியின் வுப்பர்டால் நகரத்து மேட்டுத் தெருவொன்றின் கடைசியில், சுவரெல்லாம் கரும்பலகைக் கல் பதித்த, நூற்றைம்பது வருடத்துப் பழைய வீடு. கீழ்த்தளம் அவர்களுக்கு. மேல்தளம் பூட்டிக் கிடந்தது. குசினி மூலையில் அசைக்க முடியாத பழைய இரும்படுப்பு ஒன்று நின்றது. புகைபோக்கியை அடைத்துவிட்டார்கள், பாவிக்க முடியாது என்றார் வீட்டுத் தரகர். பாவிக்காவிட்டால் என்ன, நெஞ்சளவு உயரத்தில் தட்டையான இடம். துடைத்து, ஒரு மஞ்சள் துணி விரித்து, சுவாமிப் படங்களை அதன் மேல் வைத்தாள். காலையில் பிள்ளையாருக்கு ஒரு சிறிய பேணியில் பால் வைப்பதும் அங்கேதான்.

குடிபுகுந்த அன்று பால் காய்ச்சினார்கள். உதவிக்குக் கஜந்தி வந்திருந்தாள். முன்பிருந்த வீட்டில் பக்கத்து வீட்டுக்காரி. இங்கேயே பிறந்து வளர்ந்து, சிறுவர் பள்ளியில் ஆசிரியையாய் வேலை பார்க்கும் இருபத்தேழு வயதுப் பெண். கதவைத் திறந்து வலது காலை வைத்து உள்ளே போனால் குசினி நடுவில் ஒரு சிறிய குவியல். புதிதாய்ச் சீவிய மரத்தூளும் மரச்சீவலும், யாரோ கையால் கூட்டிக் கூம்பாய்க் குவித்ததுபோல.

"வேலைக்கு வந்தவங்கள் விட்டிட்டுப் போயிருக்கிறாங்கள். கூட்டி எறியட்டே அக்கா?" என்றாள் கஜந்தி.

"வேண்டாம் பிள்ளை. பால் காய்ச்சுற நாளில வீட்டில கிடக்கிறதை வெளியால கூட்டி எறியக் கூடாது. அது பாட்டில கிடக்கட்டும்."

பால் பொங்கியது. முதல் பேணியை இரும்படுப்பின் மேல் வைத்துவிட்டு மிச்சத்தைப் பகிர்ந்தார்கள். பிரபாலினி வாயில் வைத்தபோது நாக்கில் மரத்தூள் தட்டுப்பட்டது. அதோடு மண்ணோ சாணமோ போல ஒரு கசப்பு. கஜந்தி முகத்தைச் சுளித்துக்கொண்டு ஊற்றப் போனாள். "குடிபூரல் பாலை ஊத்தினால் என்னத்துக்கு ஆகும்? கண்ணை மூடிக்கொண்டு குடி," என்று அதட்டி, தானும் கடைசிச் சொட்டு வரை குடித்தாள். லவனுக்கும் ஒரு கரண்டி பருக்கினாள். அவர் ஓம் என்றார்.

கோப்பைக்கு அடுத்த வாரம் சட்டிகள். அதற்கடுத்த வாரம் தோய்த்துப் பிழியாமல் விட்டுப்போன துவாய்கள், அவள் திரும்பி வரும்போது கொடியில் வரிசையாய் விரிந்து கிடந்தன. குப்பை கட்டி வாசலில் வைக்கப்பட்டிருந்தது. வெங்காயம் உரிக்கப்பட்டிருந்தது. வீட்டுக்குள் எப்போதும் புதிதாய் இழைத்த மரத்தின் வாசம் ஒன்று, மெல்லிதாக, தச்சுப் பட்டறைப் பக்கம் போகும்போது வருமே அப்படி. பேணியில் வைத்த பால் திரும்பி வரும்போது இருப்பதில்லை. பிள்ளையார் இந்த முறை ஜெர்மனியில் பால் குடிக்கிறார் போலிருக்கிறது என்று தனக்குத்தானே சிரித்தாள். சிரித்த பிறகு குசினியைத் திரும்பிப் பார்த்தாள். அடுப்புக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு சாண் இருட்டு. பகலில் விளக்கைப் போட்டாலும் அந்த இடத்துக்கு வெளிச்சம் போவதில்லை.

கஜந்தியிடம் ஒரு சாவி இருந்தது. அவள்தான் வந்து செய்கிறாளோ என்று ஃபோன் எடுத்தாள்.

"நானோ? நான் இந்த மாசம் அந்தப் பக்கமே வரேல்லையே அக்கா." கஜந்தி சிரித்தாள். "உங்கட வீட்டில கோபோல்ட் இருக்குது போல."

"அதென்ன?"

"நாங்கள் பிள்ளையளுக்குச் சொல்லுற கதை. பழைய வீடுகளில குட்டி ஆள் ஒண்டு அடுப்புக்குப் பின்னால இருக்குமாம். ஆரும் பார்க்காத நேரம் வீட்டு வேலை எல்லாம் செய்யுமாம். ஒரு கிண்ணம் பால் வைச்சால் காணும். வீட்டுக்கு வரேக்க முதல்ல மரத்தூளைக் குவிச்சு வைச்சு, பாலுக்க ஊத்தையையும் போட்டுப் பார்க்குமாம். வீட்டுக்காரர் தூளைக் கூட்டி எறியாமல், அந்தப் பாலையும் குடிச்சால், சரி, இஞ்ச வேலைக்கு நிக்கலாம் எண்டு…"

கஜந்தி நிறுத்தினாள். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது. பின்னால் பிள்ளைகள் கூச்சல் போடுவது கேட்டது.

"சும்மா கதைதான் அக்கா. இஞ்ச ஒருத்தன் மற்றவனைக் கடிச்சுப்போட்டான், பேந்து கதைக்கிறன்," என்று வைத்துவிட்டாள்.

பிரபாலினி பயந்திருக்க வேண்டும். கொஞ்சம் பயந்தாள்தான். ஆனால் மறுநாள் காலை வேலைக்குப் போகும் முன் பேணியில் பாலை வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாக ஊற்றினாள். பிள்ளையாருக்கு வைத்ததா என்று யாராவது கேட்டிருந்தால் அவளால் பதில் சொல்லியிருக்க முடியாது.

நவம்பர் கடைசி வெள்ளிக்கிழமை. ஒன்பது மணிக்குச் சற்று முன்னர் வீட்டுக்கு வந்தாள். குசினி மேசையில் பேபிஃபோன் இருந்தது. குழந்தைகளுக்கென்று விற்கும் அந்தக் கருவியின் ஒரு பாதி லவனின் தலைமாட்டில், மறு பாதி குசினியில். எந்நேரமும் அதில் அவருடைய மூச்சு கரகரவென்று, இழுத்து, தடங்கி, மறுபடி இழுத்துக் கேட்டுக்கொண்டிருக்கும். அன்று ஒன்றும் கேட்கவில்லை. பச்சை விளக்கு எரிந்தது. சத்தமில்லை.

நடைபாதை வழியாகப் போய் அறைக் கதவைத் திறந்தாள். லவன் மல்லாந்து கிடந்தார். வாய் திறந்திருந்தது. முகம் மெழுகு மஞ்சள். நெற்றியைத் தொட்டாள். தொட்ட கையை எடுத்துத் தன் அங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு அப்படியே குசினிக்குத் திரும்பி நடந்தாள். ஃபோனைக் கையில் எடுத்தாள். மூன்று இலக்கங்களை அழுத்த வேண்டும், அவ்வளவுதான். ஆட்கள் வருவார்கள், கேள்வி கேட்பார்கள், ஏன் தனியே விட்டுப் போனீர்கள் என்பார்கள். அழக்கூட உடம்பில் தெம்பில்லை. நாற்காலியில் உட்கார்ந்தாள். இரும்படுப்பைப் பார்த்தபடி, யாரிடம் என்றில்லாமல் வாய் திறந்து சொன்னாள்.

"என்னால ஏலாது. இனி என்னால ஏலவே ஏலாது. ஆராவது இதைப் பாருங்கோ."

மேசையில் தலையைச் சாய்த்தது ஞாபகம் இருக்கிறது. எத்தனை நேரம் தூங்கினாள் என்று தெரியாது. கண் விழித்தபோது பேபிஃபோனில் மூச்சு கேட்டது. உள்ளே. வெளியே. உள்ளே. வெளியே. கரகரப்பில்லை, தடங்கலில்லை, சுவர்க் கடிகாரம் போல ஒரே சீராக.

ஓடிப்போய்ப் பார்த்தாள். போர்வை இழுத்துப் போர்த்தப்பட்டிருந்தது. நெஞ்சு ஏறி இறங்கியது. லவனின் வாய் மூடியிருந்தது. தலை சீவியிருந்தது.

களைப்பில் கனவு கண்டேன் என்று பிரபாலினி முடிவு செய்தாள். கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, இத்தனை நாளும் வராத அழுகையை அழுது தீர்த்தாள். அவ்வளவு சந்தோஷம் அவளுக்கு.

டிசம்பரில் லவனைப் பார்க்கும் வேலை பாதியாய்க் குறைந்தது. அவள் வரும்போது அவர் துடைக்கப்பட்டிருந்தார், சவரம் செய்யப்பட்டிருந்தார், உடை மாற்றப்பட்டிருந்தார். முதுகிலிருந்த படுக்கைப் புண் காய்ந்துபோயிற்று. கஞ்சியை வாயில் வைத்தால் உள்ளே போனது. விழுங்கும் சத்தம்தான் கேட்கவில்லை. உடம்பு இலேசாகிவிட்டது, புரட்டுவது சுலபமாயிற்று. கை கால் குளிர்ந்து கிடந்தன. பழைய வீடு, சூடு பிடிப்பதில்லை என்று இன்னொரு கம்பளி வாங்கிப் போர்த்தினாள். கண்கள் திறந்திருந்தன. அவள் இடது பக்கம் போனாலும் வலது பக்கம் போனாலும் அவை கூரையையே பார்த்தன. மரத்தூளின் வாசம் அந்த அறையில்தான் எல்லாவற்றையும்விட அதிகம். அந்த வாசத்துக்கு அடியில் வேறொன்றும் இருந்தது. அதைப் பற்றி அவள் யோசிக்கவில்லை. யோசிப்பதற்கு முழித்திருக்க வேண்டும்.

அவர் இப்போதெல்லாம் ஓம் சொல்வதில்லை. ஒருநாள் போர்வையைச் சரி செய்யும்போது அவருடைய வலது கை எழுந்தது. ஒன்றரை வருடம் அசையாத கை. மணிக்கட்டில் யாரோ பிடித்துத் தூக்கினாற்போல, விரல்கள் தொங்க, மெதுவாக மேலே போய், ஒரு கணம் நின்று, மெதுவாகக் கீழே இறங்கியது. பிரபாலினி அந்தக் கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். "சுகம் வருது உங்களுக்கு. பார்த்தியளே, சுகம் வருது," என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

கிறிஸ்மஸுக்கு முதல் வாரம் நடாலி வந்தாள். வீட்டில் வைத்துப் பார்க்கும் நோயாளி சரியாகப் பார்க்கப்படுகிறாரா என்று இடைக்கிடை பார்த்து எழுதும் தாதி. அவள் சரியில்லை என்று எழுதினால் லவன் இல்லத்துக்குப் போக வேண்டியதுதான். முந்தின முறை, இப்படியே தனியே விட்டுப் போனால் நான் எழுதத்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். அவள் வருவதாய்க் குறித்திருந்த அந்த ஒரு டெர்மினை நினைத்துப் பிரபாலினி இரண்டு இரவு தூங்கவில்லை.

நடாலி வீட்டைப் பார்த்தாள். மின்னும் தரையைப் பார்த்தாள். அன்று லவனின் கண்கள் மூடியிருந்தன. "நன்றாகத் தூங்குகிறார், எழுப்ப வேண்டாம்," என்று ஜெர்மனில் சொல்லி, இரத்த அழுத்தப் பட்டையைக் கையில் சுற்றினாள். கருவி பிழை என்றது. மீண்டும் சுற்றினாள். மீண்டும் பிழை. மூன்றாம் முறையும் அதே. "மின்கலம் போய்விட்டது," என்று அலுத்துக்கொண்டு, நேரத்தைப் பார்த்து, முந்தின தடவை எழுதியதையே எழுதினாள். இன்னும் ஆறு வீடு இருக்கிறது என்றாள். அவளும் களைத்துப்போனவள்தான், கண்ணுக்குக் கீழே கறுப்பு.

வாசலில் சப்பாத்தைப் போடும்போது நிமிர்ந்தாள்.

"ஃப்ராவ் லவன், வீட்டில் சின்னப் பிள்ளை இருக்கிறதா?"

"இல்லை."

"பூனை?"

"இல்லை."

நடாலி தன் முழங்காலைத் தடவிக்கொண்டாள். "கட்டிலருகில் குனிந்தபோது ஏதோ உரசிக்கொண்டு போனது. சூடாக இருந்தது." பிறகு தலையை ஆட்டிச் சிரித்தாள். "எனக்கு விடுமுறை வேண்டும். நீங்கள் மிக நன்றாகப் பார்த்துக்கொள்கிறீர்கள். அப்படியே எழுதுகிறேன்."

கதவு சாத்தியது. பிரபாலினி கதவில் சாய்ந்து நின்றாள். லவன் வீட்டிலேயே இருக்கலாம். அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

அன்று பின்னேரம் உருளைக்கிழங்கு வெட்டிக்கொண்டிருந்தாள். நாலு மணிக்கே இருட்டு. பேபிஃபோனில் மூச்சு நின்றது. கத்தியைப் பிடித்த கை நின்றது. ஒரு கனைப்பு. பிறகு ஒரு குரல்.

"ஒ."

லவனுடைய குரல்தான். அதைவிடச் சற்று மேலே, மெல்லிசாக.

"ஒ… ஒம். ஓ. ஓம்."

சரியாய் வரவில்லை என்று தெரிந்து மறுபடி தொடங்குவதுபோல. பாடம் சொல்லிப் பார்க்கும் பிள்ளைபோல.

"ஓம். ஓம். ஓம்."

எழுந்து போய்ப் பார்க்கலாம். பன்னிரண்டு அடி தூரம். அவள் போகவில்லை. கையை நீட்டிப் பேபிஃபோனின் சத்தத்தைக் குறைத்தாள். உருளைக்கிழங்கைச் சின்னச் சின்னத் துண்டாக, தேவைக்கு மேல் சின்னதாக, வெட்டிக்கொண்டே இருந்தாள். அன்றிரவு கஞ்சியோடு போய், "பசிக்குதே?" என்று கேட்டாள். கூரையைப் பார்த்த முகம், உதடு சரியாகப் பொருந்தாமல், ஓம் என்றது. அவள் நன்றி என்றாள். யாருக்குச் சொன்னோம் என்று அவளுக்கே தெரிந்திருந்தது. தெரிந்ததை மனத்தின் ஒரு மூலையில் தள்ளிவைத்துவிட்டுத் தூங்கிப்போனாள்.

புது வருடம் பிறந்து அலுவலகம் திறந்த முதல் நாள், இரண்டாம் மாடியில் ஒரு மேசையில் சொக்லேட் பெட்டி ஒன்று இருந்தது. மேலே ஒரு துண்டுக் காகிதம்: 'எங்களுக்கு முன்னால் வந்து போகிறவருக்கு. நன்றி.' பதினோரு வருடமாய் அந்தக் கட்டடத்தைத் துடைக்கிறாள். அங்கே வேலை செய்கிறவர்களில் ஒருவரையும் அவள் கண்டதில்லை, அவர்களும் அவளைக் கண்டதில்லை. அந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு தண்ணீர் வாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். ஒருவருக்காவது, நான் ஒருத்தி இருக்கிறேன் என்று தெரிந்திருக்கிறது. அந்த நினைப்போடேயே வீடு வந்து, துடைத்துக் கிடந்த குசினியைப் பார்த்தாள். வெட்கமாய் இருந்தது. இத்தனை வேலைக்கும் ஒரு பேணி பாலைத் தவிர வேறு என்ன கொடுத்தாள்?

தைப்பொங்கல் வருகிறது. பொங்கலுக்கு வீட்டில் உழைக்கிற ஆளுக்கு ஒரு புது உடுப்பு எடுத்துக் கொடுப்பது, அவள் பிறந்த வீட்டில் எந்தக் கஷ்டத்திலும் தவறாத பழக்கம். பிள்ளைகள் கடையில் இரண்டு வயது அளவில் வெள்ளைச் சட்டை ஒன்று, நீலக் காற்சட்டை ஒன்று வாங்கினாள். பிள்ளைக்கு எத்தனை வயது என்று கடைக்காரி கேட்டாள். "வயசு போனவர்," என்று சொல்லப் பார்த்து, சிரிப்பு வந்து, பேசாமல் இருந்துவிட்டாள்.

பொங்கலன்று இரண்டு வேலைக்கும் லீவு எடுத்தாள். காலையில் மின்னடுப்பில் பொங்கினாள். பால் கிழக்குப் பக்கமாய்ப் பொங்கி வழிந்தது, நல்ல சகுனம். லவனுக்குப் புது வேட்டி உடுத்தினாள். வேட்டியைச் சுற்றும்போது இடுப்பெலும்பு விரலில் தட்டியது. வெள்ளிக்கிழமைகளில் போல் நெற்றியில் திருநீறு பூசினாள். சாப்பிட்டுத் தூங்கி எழுந்தபோது வெளிச்சம் போகத் தொடங்கியிருந்தது, ஜன்னலில் பனியும் மழையும் கலந்து விழுந்தன. சட்டையையும் காற்சட்டையையும் மடித்து ஒரு தட்டில் வைத்து, மேலே வெற்றிலைக்குப் பதிலாய் ஒரு எலுமிச்சையும் வைத்து, இரும்படுப்புக்கு முன்னால் தரையில் வைத்தாள்.

"இது உமக்கு ராசா," என்றாள். "நல்லா உழைச்சிட்டீர். நீர் இல்லாட்டி நான் செத்திருப்பன்."

அடுப்புக்குப் பின்னாலிருந்து சத்தமில்லை. பேபிஃபோனில் மூச்சு மட்டும். உள்ளே. வெளியே.

ஃபோன் அடித்தது. கஜந்தி, பொங்கல் வாழ்த்துச் சொல்ல.

"என்ன செய்யிறியள் அக்கா?"

"உன்ர கோபோல்ட்டுக்குப் பொங்கல் உடுப்பு வைச்சிருக்கிறன்," என்றாள் பிரபாலினி, பகிடிபோல, ஆனால் பெருமையாய்.

மறுமுனையில் கஜந்தி சிரித்தாள். "ஐயோ அக்கா, அதுக்கு உடுப்பு மட்டும் குடுக்கக் கூடாது. நான் சொல்லேல்லையே? உடுப்புக் குடுத்தால் வேலையால நிப்பாட்டுற மாதிரி. எவ்வளவு விருப்பம் எண்டாலும் அது போகத்தான் வேணும். அழுதுகொண்டு போகுமாம்."

பிரபாலினி தட்டைப் பார்த்தாள். எலுமிச்சை தரையில் உருண்டு கிடந்தது. தட்டு வெறுமை.

"அக்கா? இருக்கிறியளே?"

பேபிஃபோனில் மூச்சு உள்ளே போனது. நின்றது.

அவள் காத்திருந்தாள். வெளியே வர வேண்டும். இப்போது வரும். இப்போது.

அழுகை கேட்டது. கருவிக்குள்ளிருந்து, மெல்லிய, கரகரத்த அழுகை. கிழவன் அழுவதா குழந்தை அழுவதா என்று தெரியவில்லை. கட்டில் கிரீச்சிட்டது. பாரமான ஒன்று அதிலிருந்து இறங்கினாற்போல. பிறகு காலடி. சிறியது. வெறுங்கால். நடைபாதையில். குசினி வாசலைத் தாண்டி. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. முடியவில்லை. வாசல் கதவு திறந்தது. குளிர் காற்று. கதவு சாத்தியது.

"அக்கா!" என்றது ஃபோன், மேசையில் எங்கேயோ.

மரத்தூளின் வாசம் போயிற்று. எல்லாம் ஒரேயடியாய். அதற்கு அடியில் இருந்தது மட்டும் மிஞ்சியது. அறைக் கதவுக்குக் கீழாக வந்து, நடைபாதை நிறைந்து, குசினி நிறைந்தது. வாயைப் பொத்தினாள். விரலுக்கு நடுவாலும் வந்தது.

"போக வேண்டாம்," என்றாள். "ராசா. திரும்பி வாரும். நான் தெரியாமல் குடுத்திட்டன். போக வேண்டாம்."

ஒருவரும் இல்லை. நடந்தாள். பன்னிரண்டு அடி. சுவரைப் பிடித்துக்கொண்டு. கதவு. பிடி குளிர்ந்தது. விளக்கு.

கட்டிலில் கிடந்தவர் நவம்பர் மாதம் இறந்துபோனவர். அவர் முகத்தை ஒரு தடவைதான் பார்த்தாள். புது வேட்டி வெள்ளையாய் இருந்தது.

லவன் போட்டிருந்த சட்டையின் பொத்தான்கள் திறந்து கிடந்தன. நெஞ்சின் நடுவில், விலா எலும்புகள் உடைந்து உள்ளே அமுங்கி, அருகருகே இரண்டு குழிகள். ஒவ்வொன்றும் அவளுடைய கைமுட்டி அளவு. ஏழு வாரம், இரவும் பகலும், இரண்டு சிறிய முழங்கால்கள் ஊன்றி அழுத்தி எழுந்து அழுத்தி எழுந்த இடம். கன்னங்களின் இரண்டு பக்கமும், வாயை மூடவும் திறக்கவும் பிடித்த பத்து விரலின் தழும்பு.

பிரபாலினி கையை நீட்டி ஒரு குழிக்குள் வைத்தாள். லவனின் உடம்பு முழுதும் கல்லாய்க் குளிர்ந்திருந்தது. அந்த இடம் மட்டும் சூடாக, வியர்வையில் நனைந்திருந்தது.